சாப்பாட்டு மணி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, ஆறாம் வகுப்பு முதல் பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் படித்தவள். இப்போது வயது நாற்பத்து நான்கு. கோயம்புத்தூரில் வங்கி வேலை. எங்கள் அம்மா அப்பளம் இட்டு விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தாள். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் என் நோட்டில் உளுந்து மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்த டீச்சர், அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "அப்பளம், எழுந்து நில்லு" என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை எனக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் 1998 பேட்ச் வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். சேர்த்த மறுநிமிடமே, "அப்பளம் வந்தாச்சு, எண்ணெயைக் காய வைங்க" என்று ஒருத்தி எழுத, பதினோரு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். என் மகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கணவர், "இதெல்லாம் ஒரு விஷயமா" என்கிறார். பொங்கல் விடுமுறையில் ஊரில் சந்திப்பு வைத்திருக்கிறார்கள். நான் போகலாமா? இத்தனை வருடம் கழித்தும் இது ஏன் உள்ளே கிடக்கிறது? மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா? கைபேசி வந்த பிறகு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசமா?

இத்தனைக்கும் எங்கள் வகுப்பு மோசமான வகுப்பு இல்லை. மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, பகிர்ந்துதான் சாப்பிடுவோம். சத்துணவு வாங்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வார்கள். அது அவர்களாகவே வைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட வகுப்பில் எனக்கு மட்டும் ஏன் இப்படி நடந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வெளியிடவில்லை. சிரித்த பதினோரு பேரின் பெயர்களையும் இனிஷியலோடும், சிலருக்கு இப்போது வசிக்கும் ஊரோடும் எழுதியிருந்தீர்கள். அவற்றையும் எடுத்துவிட்டேன். இத்தகைய கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி முடித்துக்கொள்வதே என் வழக்கம். உங்களுடையது மட்டும் மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

முதலில் அந்த ஆசிரியை. உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் பெருங்காயமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து, உருட்டி, வில்லை வில்லையாக நறுக்கி, எண்ணெய் தொட்டுக் குழவியால் விளிம்பு கிழியாமல் இடுவதற்கு எத்தனை மணி நேரம் ஒரு பெண் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும் என்பது, உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் சம்பளம் வாங்கிய ஒருவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தாமிரபரணித் தண்ணீருக்குத்தான் அந்த ருசி என்று பெருமை பேசிக்கொண்டு அவரும் அதைப் பொரித்துத் தின்றிருப்பார். அந்த உழைப்பின் தடம் ஒரு பிள்ளையின் நோட்டில் ஒட்டியிருந்தபோது அதை அழுக்காகத் தூக்கிக் காட்ட அவருக்கு மனம் வந்தது. அவர் செய்தது குற்றம். விளையாட்டாகச் செய்தார், அந்தக் காலம் அப்படி என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளைக் காண்பது அரிது என்பதும், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் பாட்டனுக்கு விழுந்த பட்டப்பெயராலேயே அடையாளம் சொல்வார்கள் என்பதும் உண்மைதான். ஆனால், நெட்டையனை நெட்டையன் என்பதும், ஒரு பிள்ளையின் வீட்டு அடுப்படியில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பிள்ளையின் தலையில் எழுதி ஒட்டுவதும் ஒன்றல்ல. முன்னதைக் கேட்டால் கோபம் வரும், பின்னதைக் கேட்டால் பெற்ற தாயை நினைத்தே வெட்கம் வரும். குளியலறையில் நீங்கள் அழுதது அந்த வெட்கம் இன்னும் தீராததால்தான் என்று நினைக்கிறேன். தாயைக் குறித்து வெட்கப்பட்டோமே என்ற இரண்டாவது வெட்கமும் அதன் மேல் ஏறியிருக்கிறது.

மற்றக் கேள்விகளை விரைவாகக் கடக்கிறேன். ஆலோசகரைப் பார்க்கத் தோன்றினால் பாருங்கள், பல்வலிக்கு மருத்துவரிடம் போவதைப் போலத்தான் அதுவும். கைபேசியால் இந்தக் காலம் மோசமா என்பது பட்டிமன்றத்துக்கான தலைப்பு, எனக்கு அதில் ஆர்வமில்லை. உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் சொன்ன வாக்கியத்தை இன்னொருவர் வாயிலும் நான் கேட்டிருக்கிறேன், அதற்கு வருகிறேன்.

இத்தனை வருடம் கழித்தும் ஏன் உள்ளே கிடக்கிறது என்று கேட்டீர்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் ஒரு பிள்ளை, அம்மாவின் கண்ணில் தான் யார் என்பதை விட்டுவிட்டு, நாற்பது பேர் கண்ணில் தான் யார் என்பதைக் கற்றுக்கொள்கிறது. முதலில் கற்ற பாடம் கடைசியில்தான் மறக்கும். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி, உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்த காரணம். "சத்துணவு வாங்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வார்கள். அது அவர்களாகவே வைத்துக்கொண்டது." இந்த இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்களாகவே வைத்துக்கொண்டது! உலகத்தில் எந்தப் பிள்ளை அம்மா, இனிமேல் நான் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது? உங்கள் வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததா? இருந்து, யாராவது கூப்பிட்டீர்களா? கூப்பிட்டு, அவர்கள் மறுத்தார்களா? இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். உரிமை இல்லை, அனுபவம் இருக்கிறது. உங்களைக் கடிந்துகொள்ளும் ஒவ்வொரு சொல்லையும் என்னை நோக்கிச் சொன்ன பிறகே உங்களிடம் சொல்கிறேன்.

1982 ஜூலையில் ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கிய சத்துணவு, 1984-இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஆற்றங்கரை ஊரில் ஆண்கள் பள்ளி. எங்கள் வகுப்பாசிரியர், கணக்கு வாத்தியார், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே பெஞ்சில் உட்கார வைப்பவர். அதில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் பெயரும் அவன் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் ஆறாம் வகுப்பிலிருந்தே நாங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். அவன் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. எந்தத் தெரு என்று எழுத வேண்டியதில்லை. நெல்லைச் சீமையில் தெருவைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல வேண்டாம் என்பது உங்களுக்கும் தெரியும்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விடுவான். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவன் ஆற்றைக் கடக்கவில்லை. படித்துறையில் இறங்கி, இரு கைகளாலும் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துவிட்டு, கல்மண்டபத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். மறுநாள் முதல் என் டிபன் பாக்ஸின் மூடியில் பாதியை வைத்து அவனிடம் நீட்டினேன். அம்மா கூட்டாஞ்சோறு வைக்கும் நாட்களில் முருங்கைக்காய்த் துண்டுகளை அவன் பக்கமே தள்ளிவிடுவேன். நான் நல்ல பிள்ளை என்று எனக்கே தோன்றிய நாட்கள் அவை. அவன் சாப்பிட்ட மூடியை அம்மா புறவாசலில் தனியாக எடுத்து வைத்துச் சாம்பல் போட்டு இரண்டு முறை தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

சத்துணவு வந்த முதல் நாள், பள்ளிக்குப் பின்னால் புதிதாகப் போட்ட ஓலைக் கொட்டகையிலிருந்து சாம்பார் மணம் மூன்றாம் பீரியடிலேயே வகுப்புக்குள் வந்துவிட்டது. மணி அடித்ததும் அவன் மஞ்சள் பையிலிருந்து ஓர் அலுமினியத் தட்டை எடுத்தான். விளிம்பில் ஒரு நெளிசல், நடுவில் யாரோ ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்து. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு சுவர் நிழலில் போய் உட்கார்ந்தவன், வேப்பமரத்தடியில் கூட்டமாக இருந்த எங்களைப் பார்த்து, "லே, இங்க வா, சாம்பாரு நல்லாருக்கு" என்று கூப்பிட்டு, ஒரு பக்கமாகச் சோற்றை ஒதுக்கி, அந்தத் தட்டை என்னை நோக்கிச் சற்று நகர்த்தினான். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "ஏல, தட்டு கூப்பிடுது."

சிரிப்பு வெடித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் தட்டு. வாத்தியார்கள் சிலர்கூட அப்படியே அழைத்தார்கள். நான் எழுதிய கதைகளில் வரும் சொற்களை நீங்களும் உங்களைப் போன்றவர்களும் பாராட்டிக் கடிதம் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைக்கும். ஏனென்றால் கைதட்டல் வாங்கிய என் முதல் சொல் அதுதான்.

ஏன் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கூட்டத்துக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. மறு பாதி அதைவிடக் கேவலமானது. அவனுக்கு என் மூடி இனித் தேவையில்லை என்று ஆகிவிட்டது. நீட்டுகிற கை என் கையாக இருந்த வரைக்கும் எனக்கு அந்த நட்பு இனித்தது. அவன் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, அதிலிருந்து எனக்குக் கொடுக்க வந்தபோது, எனக்குள் ஏதோ புண்பட்டது. மூடியில் கொடுக்கலாம், தட்டிலிருந்து வாங்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்த மூடி தேய்க்கப்படுவதைப் பார்த்துப் பார்த்தே நான் அதைக் கற்றிருக்கிறேன். அன்று மாலை நடந்ததைச் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். "நல்லவேளை, நீ வாங்கித் திங்கலயே" என்றாள். அம்மா கெட்டவள் அல்ல. ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்பவள்.

பெஞ்சில் நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சாப்பாட்டு நேரம் முக்கால் மணிதான். மூன்று வருடத்து ஐந்து மணி நேரங்களையும் ஒரே ஒரு முக்கால் மணி தோற்கடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடத்தையும் பரீட்சையையும் வாத்தியாரின் பிரம்பையும் பற்றிப் பேசுகிறார்கள். சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்குத் தன் இடம் எது என்று கற்றுத் தருவது அந்த நேரத்தில்தான். இதை நான் பல மேடைகளில் சொல்லி அலுப்பூட்டியிருக்கிறேன், உங்களையும் கொஞ்சம் அலுப்பூட்டுகிறேன்.

உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் வந்தால் வீரவநல்லூர், காருகுறிச்சி தாண்டிச் சேரன்மகாதேவி. நூறு வருடத்துக்கு முன் அங்கே வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் பாரதியோடு வாழ்ந்தவர். பல சாதிக்காரர்களும் கொடுத்த நன்கொடையில், காங்கிரஸ் கொடுத்த பணத்தையும் சேர்த்து நடந்த பள்ளி அது. பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து உழைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாக இலை விழுந்தது. பெற்றோர் அந்த நிபந்தனையோடு விட்டுப் போனார்கள் என்பது ஐயர் தரப்பு. அந்த இரண்டு இலைகளைப் பற்றிய செய்தி வெளியே போனதும் அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கேள்வி எழுப்பினார்கள். 1925-இல் தமிழ்நாடு முழுவதும் அதுவே பேச்சாயிற்று. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதத்தில் பாபநாசம் மலையில், அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து அவரும் இறந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், சமூகம் வாரியாக இடம் கேட்ட வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமல் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறியபோது, அந்த மனக்கசப்பில் சேரன்மகாதேவிப் பந்தியும் சேர்ந்திருந்தது. ஒரு மாநிலத்தின் அரசியலையே திருப்பிய பந்தி அது. ஆனால் என் மனம் எப்போதும் அந்த இரண்டு பிள்ளைகளிடமும், அவர்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த பந்தியில் சாப்பிட்ட பிள்ளைகளிடமும்தான் போகிறது. பெரியவர்கள் தீர்மானம் போட்டு விலகினார்கள், வெளியேறினார்கள். பிள்ளைகள் அந்தச் சோற்றை எப்படி விழுங்கினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகலையா என்று காமராஜர் கேட்க, போனா சோறு போடுவீங்களா என்று அவன் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை உண்டல்லவா, அதுவும் சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் நடந்தது என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, சோற்றுக் கதைகள் இரண்டும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். மணிக்கட்டில் நிறக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019-இல் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவர்களின் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்த ஒரு பிளஸ் டூ மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், பொட்டு முதலியவற்றைப் பற்றிய பரிந்துரைகளைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது ஒன்று. உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் அறிவிக்காமல், உரிய பிள்ளைகளைத் தலைமையாசிரியர் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இவர்களெல்லாம் எழுந்து நில்லுங்கள் என்று ஒரு குமாஸ்தா வாசலில் நின்று பட்டியல் படிக்க, பாதி எழுந்தும் பாதி எழாமலும் நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கணக்கு வாத்தியார் எந்தக் குழுவும் சொல்லாமலேயே அகர வரிசையைச் செய்தவர், அதனால் எனக்கு ஒரு சேக்காளி கிடைத்தான். ஆனால் பெஞ்சுக்கு வரிசை போடலாம், வேப்பமர நிழலுக்கு யார் வரிசை போடுவது? வாத்தியார் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவன் ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நின்றுவிட்டான். 2012-இல் எங்கள் பத்தாம் வகுப்பின் வெள்ளி விழாவை ஒரு திருமண மண்டபத்தில் வைத்தோம். நானும் முன்னின்று ஏற்பாடு செய்தவன். பத்தாம் வகுப்பு வரை வராதவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மட்டன் பிரியாணிக்கு நடுவில் யாரோ, "தட்டு ஞாபகம் இருக்கா? எங்க இருக்கானோ" என்றார்கள். அனைவரும் சிரித்தார்கள். அந்தப் பெயரை யார் வைத்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை, நான் சொல்லவுமில்லை. நாற்பத்தொரு வயதில், இரண்டு நாவல் எழுதிய பிறகு, நானும் சிரித்தேன். உங்கள் குழுவில் அந்தச் சிரிக்கும் பொம்மையைப் போட்ட பதினோரு பேரும் என்ன நினைத்துப் போட்டார்கள் என்று கேட்டீர்களானால், இதுதான் எனக்குத் தெரிந்த பதில். அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த வருடமே விசாரித்துக்கொண்டு போனேன். மேலப்பாளையத்துக்குப் பக்கத்தில் சிறிய கடை வைத்திருந்தான், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. வாசலில் நின்றவுடனே அடையாளம் தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமல் இடது கையின் ஒரு விரலை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னான். சுற்று எண்ணிக்கை தவறினால் மோட்டார் எரிந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. எண்ணி முடித்து, கம்பியை நறுக்கி, முனையை மடக்கி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"வாங்க சார், உக்காருங்க."

"லே, நான்தாம்லே," என்றேன்.

"தெரியுது சார்," என்றான்.

டீ வரவழைத்தான். அக்காள் பிள்ளைகளையும் ஊரில் மழை பெய்ததையும் பேசினான். அம்மாவின் கூட்டாஞ்சோற்றை அவன்தான் முதலில் எடுத்தான். "அம்மா இருக்காங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். நான் எப்படியோ துணிந்து, "ஸ்கூல்ல நான்..." என்று தொடங்கினேன். "அதெல்லாம் ஒரு விஷயமா சார்," என்றான். உங்கள் கணவர் சொன்ன அதே வாக்கியம்தான். ஆறுதலாக அவர் சொன்னார். இவன் சொன்னபோது, இதற்கு மேல் அந்தப் பக்கம் வராதே என்று பொருள்பட்டது. உள்ளிருந்து வந்த வேலைக்காரப் பையன், "யாரு மாமா இது?" என்று கேட்டான். "எங்க ஊர்க்காரரு," என்றான்.

சேக்காளி என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் 'லே' போட்டால் அவன் வீட்டுக்குள் வரலாம் என்று அர்த்தம். 'சார்' போட்டால் திண்ணையோடு நிற்க வேண்டும். அவன் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, நல்ல டீ வாங்கிக் கொடுத்து, காசு கொடுக்க விடாமல் அனுப்பி வைத்தான். அந்தக் கண்ணாடித் தம்ளரை அவன் எப்படிக் கழுவினான் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உங்கள் கேள்வியை நான் மறந்துவிட்டதாக நினைப்பீர்கள், ஓரளவு மறந்துதான் போனேன். பொங்கலுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போனால் உங்கள் அம்மாவின் கையால் இட்ட அப்பளம் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல நினைத்தேன். பிறகு அது சினிமாக் காட்சி போல இருக்கிறது என்று தோன்றியது, அதனால் வேண்டாம். போக மனமில்லையென்றால் போகாதீர்கள். குழுவிலிருந்து வெளியேற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போனாலும், "என் பெயர் இது, இனி இப்படித்தான் கூப்பிட வேண்டும்" என்று முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குள் சொல்லாவிட்டால் பிரியாணி வந்துவிடும், பிறகு சொல்ல முடியாது. உங்கள் மகளிடம் நடந்ததை முழுவதும் சொல்லுங்கள், பாட்டியின் குழவியிலிருந்து தொடங்கி.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட மாட்டேன். உங்களைப் பார்த்துச் சிரித்த பதினோரு பேருக்கும் பெயரும் இனிஷியலும் ஊரும் உங்களிடம் இருக்கின்றன. ஆறு, ஏழு வருடம் ஒரே வகுப்பில் உங்கள் கண் முன்னால் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் உங்கள் கடிதத்தில் "நாலைந்து பேர்". எனக்கு மட்டும் ஏன் நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' என்ற சொல்லை உங்களை எழுத வைத்தது எதுவோ, அதுதான் எங்கள் மண்டபத்தில் எங்களையும் சிரிக்க வைத்தது. உங்கள் குழுவில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களில் சுவரோரத்துப் பிள்ளை ஒருத்தியாவது இருக்கிறாளா?

கோபப்பட்டுப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். எழுதும்போது, மற்றது எதையும் எழுதாவிட்டாலும், அவர்கள் நாலு பேரா ஐந்து பேரா என்பதை மட்டும் யோசித்து எழுதுங்கள்.